ஸ்கீமா.ஆர்க்: பண்புப் பெயர்களைத் தேர வேண்டியவரின் பார்வையில் ஒரு மதிப்புரை

வலைப்பக்கத்தில் மனிதர் படிக்கும் எழுத்தோடு, தேடுபொறிகளும் பிற நிரல்களும் படிப்பதற்கென்று நாம் சேர்த்து வைக்கும் மீத்தரவில், இது நூலின் பெயர், இது ஆசிரியர், இது விலை என்று ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பண்புப் பெயரைச் சூட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரை நாமே புனைந்துகொள்ளத் தடையில்லை. ஆனால் நாம் புனைந்த பெயர் நமக்கு மட்டுமே விளங்கும். எனவே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுச் சொற்றொகுதி தேவைப்படுகிறது. இன்று அதற்காகப் பெரும்பாலோர் நாடும் இடம் ஸ்கீமா.ஆர்க். கூகுள், பிங், யாஹூ ஆகிய தேடுபொறிகள் 2011 ஜூன் மாதத்தில் சேர்ந்து தொடங்கிய இந்த முயற்சியில், அதே ஆண்டின் பிற்பகுதியில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் இணைந்துகொண்டது. இதைப் பயன்படுத்தக் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. தமிழ் நூல்களும் கைத்தறித் துணிகளும் விற்கும் சிறிய இணையதளங்களுக்கு மீத்தரவு எழுதித் தரும் வேலையில் இருப்பதால், இதன் பக்கங்களை நாள்தோறும் புரட்ட வேண்டியவனாக இருக்கிறேன். மீத்தரவைப் பக்கத்தில் பதிக்கும் வடிவங்களான மைக்ரோடேட்டாவில் எழுதுவதா, ஜேசன்-எல்டியில் எழுதுவதா என்ற கேள்வி வேறு. எந்த வடிவில் எழுதினாலும் பெயர்கள் ஒன்றே என்பதால், பெயர்த் தேர்வுக்கு இந்தச் சேவை எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சொற்றொகுதி உறுதியானது, நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் அதிலுள்ள பெயர்களை மட்டும் பார்த்துப் பொருளை ஊகிப்பவர் அடிக்கடி தவறுவார். ஒவ்வொரு பண்புக்கும் தனியே ஒரு வரையறைப் பக்கம் இருக்கிறது. அந்தப் பண்பு நூல், ஆள், நிறுவனம் போன்ற வகைகளுள் எவற்றோடு சேரும், அதற்கு என்ன மாதிரியான மதிப்பு எதிர்பார்க்கப்படுகிறது, அதற்குப் பதிலாக வேறொரு பெயர் வந்துவிட்டதா என்பவை அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. இந்தச் சேவையின் உண்மையான சரக்கு அந்தப் பக்கங்கள்தாம். இன்னொரு குறிப்பு: பண்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதப்படுபவை, முதல் எழுத்து சிறியதாகவும் அடுத்தடுத்த சொற்களின் முதலெழுத்து பெரியதாகவும் இருக்க வேண்டும். படிக்க வசதியாக இங்கே அவற்றைத் தமிழ் எழுத்தில் பிரித்துத் தருகிறேன்.

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றின் விற்பனைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வகை 'புக்'. முதலில் நூலின் தலைப்பைக் குறிக்க வேண்டும். யாரும் முதலில் நினைப்பது 'டைட்டில்' என்ற பெயரைத்தான். நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற சொற்றொகுதியில் அப்படித்தான், பகிரப்படும் இணைப்புகளுக்காக ஃபேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த ஓப்பன் கிராஃபிலும் அப்படித்தான். ஸ்கீமா.ஆர்க்கிலும் 'டைட்டில்' என்று ஒரு பண்பு இருக்கவே செய்கிறது, ஆனால் அது வேலைவாய்ப்பு அறிவிப்பில் பதவியின் பெயரைச் சொல்வதற்கானது. நூலுக்கு 'நேம்' என்றே எழுத வேண்டும். ஆள், ஊர், நூல், நிறுவனம் என எல்லாவற்றின் பெயரையும் 'நேம்' ஒன்றே தாங்குகிறது. அது எல்லா வகைகளுக்கும் தாயான 'திங்' என்ற வகையில் வைக்கப்பட்டிருப்பதால் கீழேயுள்ள அனைத்துக்கும் வந்து சேர்கிறது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பெயர் எங்கே வந்தாலும் ஒரே பொருள் தர வேண்டும் என்பது இங்குள்ள அடிப்படை விதி. கட்டுரைத் தலைப்புக்கு 'ஹெட்லைன்' என்று மற்றொன்றும் உண்டு. செய்தித்தளம் நடத்துபவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து, எழுதியவர். 'ஆதர்' என்றும் 'கிரியேட்டர்' என்றும் இரண்டு பண்புகள் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தேடிப் போனால், 'கிரியேட்டர்' பக்கத்தின் வரையறையே அது படைப்புகளைப் பொறுத்தவரை 'ஆதர்' என்பதற்குச் சமம் என்று ஒப்புக்கொள்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு, தேர்வை நம் தலையில் கட்டுவது ஒரு சொற்றொகுதிக்கு அழகாகாது. நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் 'ஆதர்' என்பதையே எழுதுங்கள்; தேடுபொறிகளின் வழிகாட்டிகளிலும் அதுவே வருகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு 'டிரான்ஸ்லேட்டர்' என்று தனிப்பண்பு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் 'ஆதர்' என்பதற்குள்ளேயே திணித்துவிடும் தளங்கள் தமிழில் ஏராளம். அதன் விளைவாக, நிரலின் கண்ணுக்கு அந்த நாவல் இருவர் சேர்ந்து எழுதியதாகிவிடுகிறது. தொகுப்பாசிரியர், பதிப்பாசிரியர் ஆகியோருக்கு 'எடிட்டர்' இருக்கிறது. மூல நூலோடு இணைக்க 'டிரான்ஸ்லேஷன் ஆஃப் ஒர்க்' என்ற பண்பும், மூலத்திலிருந்து மொழிபெயர்ப்பைச் சுட்ட அதன் மறுதலையும் இருக்கின்றன. மொழிபெயர்ப்புகள் மிகுந்த நம் பதிப்புலகத்துக்கு இந்த இணை மிகவும் பயன்படும். மொழிக்கு 'இன் லாங்குவேஜ்'. அதில் தமிழ் என்று எழுதாமல், மொழிக் குறியீட்டு முறைப்படி உரிய ஈரெழுத்துக் குறியை இட வேண்டும். கட்டமைப்பைச் சொல்லும் 'புக் ஃபார்மட்' என்பதிலும் நம் விருப்பப்படி காலிகோ அட்டை என்று எழுத முடியாது. கெட்டி அட்டை, மெல்லட்டை, மின்னூல், ஒலிநூல் என்று அவர்கள் வரையறுத்து வைத்திருக்கும் மதிப்புகளுள் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

மிகுதியாகத் தவறு நேரும் இடம் விலை. 'பிரைஸ்' என்ற பண்பு நூலுக்கு உரியதன்று, 'ஆஃபர்' என்ற வகைக்கு உரியது. நூலில் 'ஆஃபர்ஸ்' என்ற பண்பை வைத்து, அதற்குள் ஓர் 'ஆஃபர்' அமைத்து, அதற்குள் விலையையும் நாணயத்தையும் இருப்பையும் சொல்ல வேண்டும். முதலில் இது வீண் சுற்று என்று தோன்றினாலும், காரணம் நியாயமானது: ஒரே நூலை இரண்டு கடைகள் இரண்டு விலைக்கு விற்கலாம், எனவே விலை நூலின் குணமல்ல, விற்பவர் முன்வைக்கும் பேச்சின் குணம். நாணயத்தை 'பிரைஸ் கரன்சி' என்ற தனிப்பண்பில் மூவெழுத்துக் குறியாகத் தர வேண்டும். ரூபாய்க் குறியை விலையோடு ஒட்டக் கூடாது. எண்ணுக்கு நடுவே காற்புள்ளி போடக் கூடாது என்பதையும் வரையறைப் பக்கம் சொல்கிறது. பட்டுப்புடவையின் விலையை 1,20,000 என்று பக்கத்தில் காட்டலாம்; மீத்தரவில் 120000 என்றே இருக்க வேண்டும். தமிழ் எண்ணுருக்களுக்கும் அங்கே இடமில்லை.

இனி, பெயர்களின் மீது எனக்குள்ள மனக்குறைகள். ஆளைக் குறிக்கும் 'பர்சன்' வகையின் பக்கத்தைத் திறந்தால், பெற்றோருக்கு 'பேரன்ட்' என்று ஒருமையிலும், பிள்ளைகளுக்கு 'சில்ட்ரன்' என்று பன்மையிலும் பண்புகள் இருப்பதைக் காணலாம். தொடக்கத்தில் 'பேரன்ட்ஸ்', 'ஆக்டர்ஸ்', 'அவார்ட்ஸ்', 'ரிவ்யூஸ்' என்று பல பெயர்கள் பன்மையில் இருந்தன. ஒரு பண்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம் என்பதால் பன்மைப் பெயர் குழப்பமே தரும் என்று பின்னர் உணர்ந்து, அவற்றை ஒருமைக்கு மாற்றினார்கள். பழைய பெயர்கள் அழிக்கப்படவில்லை. இதற்குப் பதிலாக இன்ன பெயரைப் பயன்படுத்துக என்ற குறிப்போடு அவற்றின் பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் மாற்றம் முழுமையாக நடக்கவில்லை. 'சில்ட்ரன்', 'ஆஃபர்ஸ்', 'கீவர்ட்ஸ்' ஆகியவை பன்மையிலேயே நின்றுவிட்டன. ஆகவே ஒருமைதான் விதி என்று நம்பி 'ஆஃபர்' என்று சிறிய எழுத்தில் ஒரு பண்பை எழுதினால் அது செல்லாது.

தேதிகளில் குழப்பம் இன்னும் கூடுதல். படைப்புகளுக்கு 'டேட் பப்ளிஷ்டு', 'டேட் மாடிஃபைடு', 'டேட் கிரியேட்டட்' என்று தேதி முன்னால் வருகிறது. பிறந்த நாளுக்கு 'பர்த் டேட்', நிகழ்ச்சியின் தொடக்கத்துக்கு 'ஸ்டார்ட் டேட்', நிறுவனம் தோன்றிய நாளுக்கு 'ஃபவுண்டிங் டேட்' என்று தேதி பின்னால் போகிறது. வேலை அறிவிப்புக்கு 'டேட் போஸ்டட்'. காணொளிக்கு 'அப்லோடு டேட்'. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'ஆஃபர்' வகையின் பக்கத்திலேயே, சலுகை எதுவரை செல்லும் என்பதற்கு 'வேலிட் த்ரூ' என்றும், விலை எதுவரை செல்லும் என்பதற்கு 'பிரைஸ் வேலிட் அன்டில்' என்றும் இரண்டு பண்புகள் இருக்கின்றன. ஒன்றில் 'த்ரூ', மற்றதில் 'அன்டில்'. சமையல் குறிப்புக்கான பண்புகளில் 'ரெசிபி யீல்டு', 'ரெசிபி குசீன்' என்று சிலவற்றுக்கு முன்னொட்டு உண்டு, 'குக் டைம்' என்பதற்கு இல்லை.

இந்த ஒழுங்கின்மைக்குக் காரணம், இது ஒருவர் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிய சொற்றொகுதி அல்ல என்பதுதான். செய்தித்துறையின் ஆர்நியூஸ், மின்வணிகத்துக்கென மார்ட்டின் ஹெப் உருவாக்கிய குட்ரிலேஷன்ஸ், கல்விப் பொருள்களுக்கான எல்ஆர்எம்ஐ என்று வெவ்வேறு துறையினர் தனித்தனியே வளர்த்த சொற்களைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது இது. மேலே சொன்ன 'வேலிட் த்ரூ' குட்ரிலேஷன்ஸிலிருந்து வந்த சொல். பல வீடுகளை இடித்துச் சேர்த்த கூட்டுக்குடும்ப வீட்டில் அறைக்கு அறை நிலைப்படியின் உயரம் வேறுபடுவதைப்போல, சொற்களிலும் அவை பிறந்த இடத்தின் வழக்கம் தங்கிவிட்டது. இதை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான ஆர்.வி. குஹாவும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்றின்படி, முதல் வெளியீட்டில் 297 வகைகளும் 187 பண்புகளும் இருந்தன. நான்கே ஆண்டுகளில் அவை 638 வகைகளாகவும் 965 பண்புகளாகவும் பெருகின. இந்த வேகத்தில் வளர்ந்த ஒன்றில் ஒழுங்கை எதிர்பார்ப்பது மிகை என்றாலும், இட்ட பெயரைப் பிடுங்காமல் காப்பாற்றியதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். அழகுக்காகப் பெயரை மாற்றினால், ஏற்கெனவே எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் ஊமையாகிவிடும். அதைவிடக் கோணலான பெயரே மேல்.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியே சொல்ல வேண்டியது ஆட்பெயரைப் பற்றி. 'கிவன் நேம்', 'ஃபேமிலி நேம்' என்ற இரு பண்புகளின் வரையறைகளிலும், அமெரிக்காவில் இது முதற்பெயர், இது கடைசிப் பெயர் என்ற விளக்கம் இருக்கிறது. தந்தையின் பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இந்த இரண்டும் ஒத்துவராது. முன்னெழுத்தை 'ஃபேமிலி நேம்' என்பதில் வைத்தால் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடும். அந்தப் பக்கத்தின் தரவை எடுத்துக்கொள்ளும் நிரல், எழுத்தாளர்களை அகரவரிசையில் அடுக்கும்போது அந்த ஒற்றை எழுத்தைக் கொண்டு அடுக்கிவிடும். நடுப்பெயருக்கான 'அடிஷனல் நேம்' என்பதில் வைப்பதும் பொருத்தமில்லை. நான் பரிந்துரைப்பது, இந்தப் பிரிவினைகளைத் தொடாமல், முன்னெழுத்தோடு கூடிய முழுப்பெயரையும் 'நேம்' ஒன்றிலேயே எழுதிவிடுவது. எந்தப் பண்பையும் கட்டாயமாக நிரப்ப வேண்டும் என்று ஸ்கீமா.ஆர்க் சொல்வதில்லை என்பது இங்கே நமக்கு வசதி. சென்னை ஐஐடியில் படித்த குஹாவின் பெயரே முன்னெழுத்துகளோடுதான் வழங்குகிறது என்பதை நினைக்கும்போது, அந்த வரையறைகளில் அமெரிக்கா மட்டும் நிற்பது சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

புனைபெயர்களுக்கும் வேறு எழுத்துக்கூட்டல்களுக்கும் 'ஆல்டர்னேட் நேம்' இருக்கிறது. ஒரே எழுத்தாளரின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதும் நிலையில், இந்தப் பண்பைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அடையாளத்தை உறுதிப்படுத்துவது 'சேம் ஆஸ்' என்ற பண்புதான். அந்த ஆளை ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டும் வேறொரு பக்கத்தின் முகவரியை, எடுத்துக்காட்டாக விக்கித்தரவில் அவருக்குரிய பதிவின் முகவரியை, அதில் தர வேண்டும். அவரைப் பற்றி எழுதப்பட்ட பேட்டிகளையும் மதிப்புரைகளையும் அதில் கொண்டுபோய்க் கொட்டுவது தவறு. அவற்றுக்கு 'சப்ஜெக்ட் ஆஃப்' என்ற வேறு பண்பு உண்டு. பெயரைப் பார்த்து இந்த வேறுபாட்டை யாரும் கண்டுபிடிக்க முடியாது, வரையறையைப் படித்தால் ஒரு நொடியில் விளங்கும்.

முகவரியிலும் இதே தொல்லை சிறிய அளவில் உண்டு. தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு என்பவற்றுக்குப் பண்புகள் இருக்கின்றன. வட்டமும் மாவட்டமும் எங்கே போகும் என்பதற்கு நேரான விடை இல்லை. மாநிலத்தை 'அட்ரஸ் ரீஜன்' என்பதில் வைத்து, ஊரையும் மாவட்டத்தையும் சேர்த்து 'அட்ரஸ் லொகாலிட்டி' என்பதில் எழுதுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்; தளம் முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் போதும்.

கைத்தறிப் பொருள்களுக்கு வருவோம். காஞ்சிபுரம் புடவையின் நிறம், எடை, துணி வகை ஆகியவற்றுக்கு 'கலர்', 'வெயிட்', 'மெட்டீரியல்' என்ற பண்புகள் நேராகக் கிடைக்கின்றன. 'கலர்' என்பதை அமெரிக்க எழுத்துக்கூட்டலில்தான் எழுத வேண்டும். பள்ளியில் படித்த பிரிட்டிஷ் வழக்கப்படி ஓர் எழுத்தைக் கூட்டினால் அது யாருக்கும் தெரியாத பண்பாகிவிடும். ஜரிகையின் தரத்துக்கும், கரையைக் கோர்வை முறையில் இணைத்த நெசவா என்பதற்கும் இதில் பெயர் இல்லை. இத்தகைய இடங்களுக்கென்று 'அடிஷனல் ப்ராபர்ட்டி' என்ற பொதுக்கூடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்குள் 'ஜரிகை' என்று தமிழிலேயே ஒரு பெயரையும் அதற்கொரு மதிப்பையும் எழுதலாம். சொற்றொகுதியின் எல்லையை ஒப்புக்கொண்டு இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பது நல்ல முடிவு. ஆனால் குறிப்பிட்ட பண்பு இருக்கும்போது இந்தப் பொதுக்கூட்டைப் பயன்படுத்தினால் நிரல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்ற எச்சரிக்கை அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. நிறத்தையும் எடையையும்கூட இதற்குள் அள்ளிப்போடும் கடைத்தள மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை போலும்.

மாற்று வழிகள் என்ன? 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நடந்த கூட்டத்தில் பிறந்து அந்த நகரின் பெயரைத் தாங்கிய டப்ளின் கோர், 15 அடிப்படைப் பண்புகளைக் கொண்டது. அதன் பெயர்கள் சீரானவை, எவரும் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் விலை, இருப்பு, மதிப்பீடு என்று கடைக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை. ஓப்பன் கிராஃப், இணைப்பைப் பகிரும்போது தலைப்பும் படமும் தெரிவதற்குப் போதும், அதற்கு மேல் இல்லை. ஆகவே விற்பனைத் தளத்துக்கு ஸ்கீமா.ஆர்க்கும் பகிர்வுக்கு ஓப்பன் கிராஃபும் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பதே நடைமுறை. மின்னூலகத் திட்டம் நடத்துபவர்கள் டப்ளின் கோரை விட்டு வர வேண்டிய அவசியம் இல்லை.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தேடுபொறி அதை இன்று காட்டுகிறதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்வது சரியன்று. செய்முறை விளக்கங்களுக்கான 'ஹவ் டூ' வகையைக் கொண்டு தேடல் முடிவில் சிறப்புத் தோற்றம் தருவதை கூகுள் 2023-இல் நிறுத்திக்கொண்டது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்த பக்கங்களுக்கான தோற்றத்தையும் அதே ஆண்டில் பெருமளவு சுருக்கியது. அந்த வகைகளும் பண்புகளும் சொற்றொகுதியில் அப்படியே இருக்கின்றன. சிறப்புத் தோற்றத்துக்காக மட்டும் பக்கம் பக்கமாக எழுதியவர்களின் உழைப்புதான் பயனற்றுப் போனது. உள்ளடக்கத்துக்கு உண்மையாகவே பொருந்திய பெயர்களை எழுதியவர்களுக்கு மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியாக, சரிபார்க்கும் கருவி. கூகுளின் பழைய சோதனைக் கருவிக்கு மாற்றாக 2021-இல் ஸ்கீமா.ஆர்க்கின் பெயரிலேயே ஒரு சரிபார்ப்பான் வந்தது. முகவரியையோ நிரல் துண்டையோ கொடுத்தால், எந்தப் பண்பு எந்த வகைக்குப் பொருந்தவில்லை என்று சொல்கிறது. நூலுக்கு 'டைட்டில்' என்று எழுதியிருந்தாலும், நிறத்தில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் பிடித்துவிடும். கூகுளின் சிறப்பு முடிவுச் சோதனை, தான் காட்டும் வகைகளை மட்டுமே பார்ப்பதால், பெயர்த் தேர்வுக்கு இந்தச் சரிபார்ப்பானே பொருத்தமான கருவி. ஆனால் பெயர் செல்லுபடியானதா என்பதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரை 'ஆதர்' என்று எழுதினாலும், மறுபதிப்பு வெளிவந்த நாளுக்குப் பதிலாகத் தளத்தில் பதிவேற்றிய நாளை 'டேட் பப்ளிஷ்டு' என்பதில் இட்டாலும், பிழை ஏதுமில்லை என்றே அது சொல்லும். எனவே பட்டியலில் உள்ள நூல்களுள் சிலவற்றையேனும் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் பதிப்பு விவரத்தோடு மீத்தரவை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தளத்தை வெளியிட வேண்டும்.